ஒசெஃபு துடைத்த தரை: கல்லூரிக் கூடைப்பந்தில் கணக்கில் வராத உழைப்பு

2016 ஏப்ரல் 4. ஹூஸ்டன் நகரில் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம். அரங்கில் 74 ஆயிரம் பேருக்கு மேல். வில்லனோவாவும் வட கரோலினாவும் 74-74 என்று சமமாக நிற்கின்றன. மிச்சம் இருப்பது 4.7 விநாடி. சற்று முன்புதான் வட கரோலினாவின் மார்கஸ் பேஜ் அந்தரத்தில் உடம்பை முறுக்கி, கையை ஒரு தரம் மடக்கி நீட்டி, மூன்று புள்ளி எறிந்து ஆட்டத்தைச் சமன் செய்திருந்தார். வில்லனோவா பயிற்சியாளர் ஜே ரைட் டைம்-அவுட் கேட்டார்.

டைம்-அவுட் முடிந்து ஆட்டக்காரர்கள் களத்துக்குத் திரும்பினார்கள். ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள வில்லனோவா சென்டர் (கூடைக்கு அருகில் ஆடுபவர்) டேனியல் ஒசெஃபு மட்டும் தன் இடத்துக்குப் போகவில்லை. ஓரத்தில் தரை துடைக்கும் பையனிடமிருந்து மாப்பை வாங்கினார். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வியர்வையால் ஈரமாகிக் கிடந்த ஒரு திட்டை, இறுதி ஆட்டத்தின் கடைசி விநாடிகளுக்கு முன்னால், அத்தனை கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து துடைத்தார்.

அவர் துடைத்த இடத்துக்குக் காரணம் உண்டு. இன்னும் சில விநாடிகளில் அவர் அங்கேதான் நிற்கப்போகிறார். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவரப்போகும் ரயன் ஆர்ச்சிடியாகோனோவை விரட்டி வருகிற எதிரணிக்காரரின் வழியில் தன் உடம்பைச் சுவர் மாதிரி நிறுத்துவது அவருக்குக் கொடுத்த வேலை. இதற்குப் பெயர் ஸ்கிரீன். ஈரத்தில் அவர் கால் வழுக்கினாலோ, ஆர்ச்சிடியாகோனோ வழுக்கினாலோ ஆட்டம் அங்கேயே கெட்டது.

பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. கிறிஸ் ஜென்கின்ஸ் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார். ஒசெஃபுவின் ஸ்கிரீனைச் சுற்றி ஆர்ச்சிடியாகோனோ முன்னேறினார். நாலாண்டு அணியை நடத்திய மூத்தவர் அவர். தானே எறியலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பின்னால் வருகிறவரின் குரல் கேட்டு, பந்தைக் கீழாக அவரிடம் தள்ளினார். ஜென்கின்ஸ் எறிந்த பந்து காற்றில் இருக்கும்போதே மணி அடித்தது. உள்ளே விழுந்தது. 77-74.

ஆட்டக் குறிப்பைத் திறந்தால் ஜென்கின்ஸ் பெயருக்கு நேரே மூன்று புள்ளி சேர்ந்திருக்கும். ஆர்ச்சிடியாகோனோ பெயருக்கு நேரே ஒரு அசிஸ்ட், அதாவது கூடையில் போட்டவருக்குப் பந்து கொடுத்த கணக்கு. ஒசெஃபுவுக்கு அந்த 4.7 விநாடிக்காக எதுவும் சேரவில்லை. ஸ்கிரீனுக்கு ஒரு கட்டம் அந்தத் தாளில் இல்லை. தரை துடைத்ததற்குக் கேட்கவே வேண்டாம்.

இந்த வகை ஆட்டக்காரரை அமெரிக்காவில் ரோல் பிளேயர் என்கிறார்கள். அணியின் நட்சத்திரம் இல்லை. தனக்கென்று ஒதுக்கிய ஒன்றிரண்டு வேலைகளைச் செய்து முடிப்பவர். ஒருவர் எதிரணியின் சிறந்த எறிவாளரை ஒட்டிக்கொண்டே திரிவார். இன்னொருவர் ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் தெறிக்கும் பந்து, மட்டும் பிடிப்பார். வேறொருவர் ஆறு நிமிடம் களமிறங்கி, மூத்தவருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இவர்களைப் பற்றிப் பேசும்போது "பாவம், அவரும் உழைக்கிறார்" என்கிற பரிதாபத் தொனி வந்துவிடுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. இவர்கள் நட்சத்திரத்துக்குக் கை கொடுக்கும் உதவியாளர்கள் அல்ல. ஆட்டத்தின் பெரும்பகுதியே இவர்கள் கையில்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டே காட்டலாம்.

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஒரு பக்கம் ஐந்து பேர். ஆக ஓர் அணி நிரப்ப வேண்டியது 200 ஆட்ட நிமிடங்கள். இரண்டு நட்சத்திரங்கள் ஒரு விநாடிகூட உட்காராமல் ஆடினாலும் 80 நிமிடம்தான் ஆகும். மிச்சம் 120 நிமிடத்தை மற்றவர்கள் ஆட வேண்டும். இதில் ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியே போக வேண்டும் என்ற விதி வேறு. தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆறாவது ஃபவுலில்தான் வெளியே போக வேண்டும். கல்லூரியில் அந்தச் சலுகை இல்லை. நட்சத்திரம் முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கினால் பயிற்சியாளர் அவரை உட்கார வைத்துவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் அணி பதினைந்து புள்ளி பின்தங்குகிறதா, நாலு புள்ளியோடு நிற்கிறதா என்பதுதான் பல ஆட்டங்களின் முடிவு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: களத்தில் பந்து ஒன்றுதான், ஆட்கள் பத்துப் பேர். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் பெரும்பாலான நேரம் கையில் பந்தில்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தில் செய்கிற வேலைகள்தான் தாளில் ஏறாதவை. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பந்தைப் பறிக்கும் ஸ்டீல், எறிவைத் தடுக்கும் பிளாக் எல்லாம் பந்தைத் தொட்டவரின் கணக்கு. பாக்ஸ் அவுட்டை எடுத்துக்கொள்வோம். எதிரணிக்காரர் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. அந்த நொடியில் பந்தை அண்ணாந்து பார்க்காமல், எதிரணியின் உயரமான ஆளைத் தேடி, முதுகை அவர் நெஞ்சில் பதித்து, முழங்காலை மடக்கி இடுப்பால் அவரைத் தள்ளிப் பிடித்து நிற்க வேண்டும். அவர் குதிக்க முடியாது. இவரும் குதிக்க மாட்டார். பந்து பக்கத்தில் நிற்கிற சகா கையில் வந்து விழும். ரீபவுண்ட் சகாவின் பெயரில் ஏறும். முதுகில் சிராய்ப்பு மட்டும் இவருக்கு.

சார்ஜ் இன்னும் கொடுமை. முழு வேகத்தில் கூடையை நோக்கிப் பாய்ந்து வருகிறவரின் பாதையில் முன்கூட்டியே போய் நின்று, விலகாமல், மோதலை நெஞ்சில் வாங்கி மல்லாந்து விழ வேண்டும். சரியாகச் செய்தால் ஃபவுல் வந்தவர்மேல், பந்து நமக்கு. அரை நொடி தாமதித்தால் ஃபவுல் நம்மேல். விழுந்து அடிபடுவது மட்டும் இரண்டிலும் உறுதி. 2023-24 பருவத்தில் ஆண்கள் ஆட்டத்தில் இந்த விதியை மாற்றினார்கள்: பாய்கிறவர் எம்புவதற்காகக் கடைசிக் காலை ஊன்றும் முன்பே காப்பவர் இடத்தில் நின்றிருக்க வேண்டும். சார்ஜ் வாங்குவது இப்போது இன்னும் கடினம். ஆட்டத்தின் அழகுக்கும் உடல் பாதுகாப்புக்கும் நல்ல மாற்றம்தான். ஆனாலும் இந்த ஒரு வேலையை வைத்தே அணியில் இடம் பிடித்துக்கொண்டிருந்த பையன்களை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

பயிற்சியாளர்கள் இதையெல்லாம் விட்டுவிடுவதில்லை. தாளில் கட்டம் இல்லையென்றால் தாங்களே ஒரு தாள் போட்டுக்கொள்கிறார்கள். ரிக் பிட்டினோ பல ஆண்டுகளாக எண்ணி வருவது, எதிரணியின் பாஸில் விரல் நுனியாவது பட்டுத் திசை மாறிய பந்துகளை. ஒரு ஆட்டத்துக்கு 35 என்பது அவர் வைத்த இலக்கு. பந்து கைக்கு வந்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை. கை போனதா என்பதுதான். வில்லனோவாவில் ஜே ரைட் இதற்கு ஆட்டிட்யூட் என்று பெயர் வைத்தார். தரையில் பாய்வது, பந்தைத் தட்டிவிடுவது, மோதலை ஏற்பது எல்லாவற்றையும் உதவிப் பயிற்சியாளர்கள் எண்ணிக் குறித்தார்கள். ஒரு கூட்டம் கலையும்போதுகூட அந்த ஒரு சொல்லைச் சேர்ந்து சொல்லிவிட்டுத்தான் கலைவார்கள்.

வெறும் கோஷம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த 2016 அணியை உற்றுப் பாருங்கள். இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவுக்காக அதிகப் புள்ளி எடுத்தவர் ஜென்கின்ஸ் இல்லை, ஆர்ச்சிடியாகோனோவும் இல்லை. மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஃபில் பூத்: 20 புள்ளி. படிப்பை முடித்த ஆர்ச்சிடியாகோனோவையும் ஒசெஃபுவையும் அந்த ஆண்டு, அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்டில் ஒரு அணியும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜென்கின்ஸையும் எடுக்கவில்லை. தேசிய சாம்பியன் பட்டத்தை வென்று கொடுத்த அந்தக் கடைசி ஓட்டத்தில் பங்கெடுத்த இந்த மூவருமே டிராஃப்டில் விலை போகாதவர்கள்.

அந்த அணியில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அன்று சீருடை அணிந்து ஆடவே இல்லை. முதலாண்டு மாணவர் டான்டே டிவின்சென்சோ. பருவத் தொடக்கத்திலேயே கால் எலும்பு முறிந்ததால் அவரை ரெட்ஷர்ட் செய்திருந்தார்கள். அதாவது அந்த ஆண்டின் மிச்ச ஆட்டங்களில் ஆடாமல் அணியோடு பயிற்சி மட்டும் செய்யலாம். நாலாண்டு ஆடும் தகுதியில் ஓராண்டு குறையாது. கால் தேறிய பிறகு அவருக்குக் கிடைத்த வேலை ஸ்கவுட் டீம். அடுத்து மோதப்போகும் எதிரணி போல வேடமிட்டு, தன் அணியின் முதல் ஐவருக்கு எதிராகப் பயிற்சியில் ஆட வேண்டும். அரையிறுதியில் எதிரணி ஓக்லஹோமா. அதன் பட்டி ஹீல்ட்தான் அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம் பேசப்பட்ட எறிவாளர். பயிற்சியில் ஹீல்டாக நடித்தவர் டிவின்சென்சோ. ஹீல்ட் எங்கிருந்தெல்லாம் எறிவாரோ அங்கிருந்தெல்லாம் எறிந்து, எப்படித் திரும்புவாரோ அப்படித் திரும்பி, காப்பவர்களைப் படாத பாடு படுத்தினார்.

அரையிறுதியில் நிஜ ஹீல்ட் எடுத்தது 9 புள்ளி. வில்லனோவா 95-51 என்று வென்றது. கடைசி நான்கு அணிகள் மோதும் இறுதிக் கட்டத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம் அது. ஆட்டத்தின் தாளில் டிவின்சென்சோ பெயர்கூடக் கிடையாது.

இரண்டு ஆண்டு கழித்து, 2018 ஏப்ரல் 2, சான் அன்டோனியோ. மறுபடியும் இறுதி ஆட்டம், எதிரணி மிச்சிகன். அந்தப் பருவத்தில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று விருது வாங்கியவர் வில்லனோவாவின் ஜேலன் பிரன்சன். அன்று அவருக்கு ஃபவுல் தொல்லை. 9 புள்ளியோடு நின்றுவிட்டார். பெஞ்சிலிருந்து வந்த டிவின்சென்சோ 31 புள்ளி எடுத்தார். 79-62. இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. திடீரென்று வந்த அதிர்ஷ்டம் என்று பலர் எழுதினார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஆளில்லாத பயிற்சிக்கூடத்தில் பட்டி ஹீல்டாக எறிந்து பழகிய கை அது.

ஸ்கவுட் டீம் பற்றிப் பேசும்போது வாக்-ஆன் மாணவர்களை விட முடியாது. கல்லூரி விளையாட்டு உதவித்தொகை இல்லாமல், கட்டணத்தைத் தாங்களே கட்டி, தேர்வு ஆட்டத்தில் வென்றோ பயிற்சியாளர் அழைத்தோ அணிக்குள் வந்தவர்கள். பருவம் முழுவதற்கும் இவர்களுக்குக் கிடைக்கும் ஆட்ட நேரம் சில நிமிடங்கள்தான், அதுவும் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களில். பெண்கள் அணிகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதே கல்லூரியின் ஆண் மாணவர்கள் வந்து, பெண்கள் அணியின் பயிற்சியில் எதிரணியாக ஆடிவிட்டுப் போவார்கள். சம்பளம் இல்லை, சீருடை இல்லை, அரங்கில் பெயர் அறிவிப்பு இல்லை.

டியூக் அணியின் பிரையன் ஜூபெக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழடிக்கும் ஓர் அங்குலம் கூடுதல் உயரம். கால் எலும்பு முறிவுகளால் தொடக்க ஆண்டுகளில் பெரிதாக ஆட முடியவில்லை. நாலாம் ஆண்டு, 2010 பிப்ரவரி நடுவில்தான் முதல் ஐவருக்குள் நிலையான இடம் பிடித்தார். தன் அணி தவறவிட்ட பந்துகளைப் பிடித்து, மறுபடி தானே எறியாமல், வெளியே நிற்கிற எறிவாளர்களுக்குத் தள்ளிவிடுவது அவர் வேலை. ஏப்ரலில் பட்லர் அணியோடு இறுதி ஆட்டம். கடைசி விநாடிகளில் கோர்டன் ஹேவர்ட் எறிந்தது தவறியபோது பந்தைப் பிடித்தவர் ஜூபெக். 3.6 விநாடி மிச்சம். அவர்மேல் ஃபவுல் ஆனதால் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு. முதலாவதைப் போட்டார், இரண்டாவதைப் பயிற்சியாளர் சொன்னபடி வேண்டுமென்றே தவறவிட்டார், டைம்-அவுட் இல்லாத பட்லருக்கு நிதானிக்க நேரம் கிடைக்கக்கூடாது என்று. ஹேவர்ட் நடுக்கோட்டிலிருந்து எறிந்தது வளையத்தில் பட்டுத் தெறித்தது. 61-59. நாட்டின் முன்னால் ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிடச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்கிற ஆள் அணியில் இருக்க வேண்டும்.

பெண்கள் ஆட்டத்தில் இந்த வாதத்துக்கு ஆகத் தெளிவான சான்று தென் கரோலினா. 2023 அரையிறுதியில் பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் அணி 77-73 என்று ஐயோவாவிடம் தோற்றது. அன்று ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க், தென் கரோலினாவின் ரேவன் ஜான்சனை மூன்று புள்ளிக் கோட்டில் காவலில்லாமல் விட்டுவிட்டு, "எறிந்தால் எறி" என்பதுபோல் கையை அசைத்தார். அந்தச் சில விநாடிக் காட்சி இணையமெங்கும் ஓடியது. இருபது வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தோல்வியோடு முதல் ஐவரும் அணியை விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த பருவத்து அணியைத் தாங்கியவர்களில் பலர் முந்தைய ஆண்டு பெஞ்சில் இருந்தவர்கள். கமிலா கார்டோசோ, அணியின் நட்சத்திரமான அலியா பாஸ்டனுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தவர். ஜான்சனும் அப்படித்தான்.

2024 ஏப்ரல் 7, கிளீவ்லாந்தில் அதே ஐயோவா, இந்த முறை இறுதி ஆட்டம். முதல் கால்பகுதியில் மட்டும் கிளார்க் 18 புள்ளி எடுத்தார். பிறகு அவர்மேல் ஜான்சனின் காவல் இறுகியது. முதல் பாதி முடியும் தறுவாயில் நடுக்களத்தில் கிளார்க்கின் கையிலிருந்தே பந்தைப் பறித்து ஓடிப்போய்க் கூடையில் போட்டார். மிச்சம் மூன்று கால்பகுதிகளில் கிளார்க்குக்குக் கிடைத்தது 12 புள்ளி. ஆட்டம் 87-75. 38 ஆட்டம், 38 வெற்றி. அன்றைய தாளில் ஒரு வரி உண்டு, எப்போது பார்த்தாலும் வியப்பாக இருக்கும்: பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்த புள்ளிகள், தென் கரோலினா 37, ஐயோவா 0. அந்த 37இல் 19 முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சனுடையவை. கல்லூரி ஆட்டம் கண்ட மிகப் பெரிய எறிவாளர்களில் ஒருவர் 30 புள்ளி எடுத்தும் அவர் அணி தோற்றதற்கு அந்தப் பூஜ்யமும் ஒரு முக்கியக் காரணம்.

இனி இப்படிக் காத்திருந்து வளர்கிறவர்கள் இருப்பார்களா என்ற கவலை இப்போது அங்கே பரவலாக இருக்கிறது. முன்பு ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒருமுறை மாற அந்தத் தடை நீங்கியது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி பிறந்துவிட்டது. ஆறு நிமிடம் ஆடுகிற பையன், இருபத்தைந்து நிமிடமும் நல்ல தொகையும் தருகிற வேறு கல்லூரிக்கு ஏன் போகக்கூடாது?

போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். பயிற்சியாளர்கள் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் மாணவர்களுக்கு மட்டும் தியாகத்தைப் போதித்தது நியாயமே இல்லை. ஆனால் ஒரு விளைவைக் கண் திறந்து பார்க்க வேண்டும். டிவின்சென்சோவைப் போல ஓராண்டு வெளியே உட்கார்ந்து, ஓராண்டு பெஞ்சிலிருந்து வந்து, மூன்றாம் ஆண்டில் பூப்பதற்குள் இன்று அந்த ஆள் இரண்டு கல்லூரி மாறியிருப்பார். ஸ்கிரீன் போடுகிறவரைத் தக்கவைக்க வேண்டுமென்றால் அவர் ஸ்கிரீனுக்கும் ஒரு மதிப்பு வைத்து, அதைப் பணமாகவும் நிமிடமாகவும் கொடுத்தாக வேண்டும். இதுநாள்வரை பாராட்டோடு முடித்துக்கொண்டார்கள்.

பாராட்டு என்றால் டீன் ஸ்மித்தைத்தான் சொல்ல வேண்டும். 1961 முதல் 1997 வரை வட கரோலினாவின் தலைமைப் பயிற்சியாளர், 879 வெற்றி. கூடையில் போட்டவர் உடனே தனக்குப் பந்து கொடுத்தவரை நோக்கி விரல் நீட்ட வேண்டும் என்பது அவர் அணியில் கட்டாயம். இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்ட அந்த விரலைப் பிரபலமாக்கியவர் அவர். களைத்துப்போனவர் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் வெளியே எடுப்பார். தேறியதும் உள்ளே போகும் உரிமை அந்த ஆட்டக்காரருக்கே. களைப்பை மறைத்து ஆடத் தேவையில்லை, அந்த நிமிடங்களுக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறார். இரண்டாம் வரிசை ஐவரை மொத்தமாக இறக்கி, ஓரிரு நிமிடம் உயிரைக் கொடுத்து ஆட வைத்த காலமும் உண்டு. மூத்த மாணவர்களின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், நாலாண்டு பெஞ்சில் இருந்த வாக்-ஆன் பையனும் முதல் ஐவரில் தொடங்குவான்.

2015 பிப்ரவரியில் ஸ்மித் இறந்தார். அடுத்த மாதம், அவரிடம் ஆடி அணியின் பட்டியலில் இடம்பெற்ற ஏறத்தாழ 180 பேருக்கும் தபாலில் ஒரு கடிதமும் காசோலையும் வந்தன. வெளியே போய் ஒரு வேளை சாப்பிடுங்கள், செலவு பயிற்சியாளர் ஸ்மித்துடையது என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். மைக்கேல் ஜோர்டானும் அவரிடம் ஆடியவர்தான். பெஞ்சில் உட்கார்ந்தே நாலாண்டைக் கழித்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். எல்லோருடைய காசோலையிலும் ஒரே தொகை: 200 டாலர்.